ஒரிஜினல்தானே, அக்கா?

நான் புலியைக் காப்பாற்றுகிற வேலையில் இருக்கிறேன் என்றால், கேட்டவர்கள் முதலில் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஐந்தடி உயரம், சர்க்கரை, முட்டி வலி. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு மாடி ஏறுவதற்குள் நடுவில் நின்று ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொள்வேன். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பதினோரு மணிக்குச் சாம்பார் வாசனை மேலே ஏறி வந்துவிட்டால், அதற்குப் பிறகு யாருக்கும் காடு ஞாபகம் இருக்காது. காட்டுக்குள் போகிறவர்கள் வேறு, எல்லாம் இளவட்டம். மரத்தில் கேமரா கட்டுவார்கள். திருட்டு வேட்டைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன கம்பிச் சுருக்குகளைத் தேடி அறுத்து, மூட்டை கட்டிக் கொண்டுவருவார்கள். என் வேலை நம் ஜனங்களிடம் பேசுவது. தமிழில் பேச ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வந்தேன். வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

பேச்சு முழுக்க ஒரே விஷயம்தான், புலி நகம். பிள்ளை பயந்துகொண்டால், தூக்கத்தில் அலறினால், சோறு வேண்டாம் என்றால், கண்ணு பட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், உடனே ஒரு புலி நகத்துக்குத் தங்கத்தில் பூண் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டாக வேண்டும் நமக்கு. எங்க அப்பா போட்டிருந்தாரு, தாத்தா போட்டிருந்தாரு என்பார்கள். இருக்கட்டும். அப்போது காட்டில் புலி இருந்தது. இப்போது மலாயாப் புலி இன்றோ நாளையோ என்று கிடக்கிறது. நகத்தை வாங்கினாலும் குற்றம், விற்றாலும் குற்றம், பரம்பரையாக வந்தது என்று பெட்டியில் வைத்திருந்தாலும் குற்றம், பிடிபட்டால் வருஷக்கணக்கில் உள்ளே போக வேண்டும் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டுத் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது.

எங்கள் சுவரொட்டியில் மிச்சமிருக்கிற புலிகளின் எண்ணிக்கையைப் பெரிதாக அச்சடித்திருந்தோம். ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் அந்த எண் இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் புதிதாக அச்சடிக்க வசதி இல்லை. அதனால் எண் இருக்கிற இடத்தில் மட்டும் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தோம். என் மேஜைக்குப் பின்னால் தொங்குகிற சுவரொட்டியில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராக அந்த இடம் மட்டும் தடித்துப் போயிருக்கும். ஒட்டுவதும் என் வேலைதான். ஒட்டிவிட்டுத் தேநீர் குடிக்கக் கீழே போய்விடுவேன்.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு மேஜை போட்டு உட்காருவேன். ஒரு பக்கம் முறுக்கு, இன்னொரு பக்கம் பஞ்சாபி சூட், எதிரெதிரே இரண்டு ஒலிபெருக்கியில் இரண்டு பாட்டு. என் மேஜையில் ஒரு புலிப் படமும் துண்டுப் பிரசுரமும் நானும். ஜனங்கள் வராமல் இல்லை. வருவார்கள், நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார்கள், கேட்டு முடித்ததும் சட்டைக்குள் கையை விட்டுச் சங்கிலியை வெளியே எடுப்பார்கள்.

"அக்கா, இது ஒரிஜினல்தானே? கொஞ்சம் பாருங்களேன்."

புலி ஆபீஸ் அக்காவுக்குப் புலி நகம் தெரியாமல் போகுமா! நான் அங்கே உட்கார்ந்திருப்பதே ஒவ்வொரு நகத்தையும் பார்த்து, அசல் என்று சொல்லி அனுப்பத்தான் என்று பாதிக் கிள்ளான் நம்பிக்கொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். எதிரில் நிற்கிற மனிதர் கண்ணில் அவ்வளவு ஆசையாக ஒரு கேள்வி இருக்கும்போது அதையும் செய்ய முடியாது.

ஆரம்பத்தில் நானும் வெகுளியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் மாட்டுக் கொம்பு, இல்லாவிட்டால் பிளாஸ்டிக். காஜாங்கிலிருந்து வந்த ஒருவரிடம், இது கொம்பு அங்கிள், உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். பாவம், முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் திருப்தி, ஒருவருக்காவது புத்தி வந்ததே என்று. அடுத்த தீபாவளிக்கு அதே மனிதர் மனைவி மக்களோடு சிரித்துக்கொண்டே வந்தார். புதுச் சங்கிலியை எடுத்துக் காட்டினார். இந்தத் தடவை அசலேதான். நல்ல வேளை அக்கா அன்னைக்குச் சொன்னீங்க என்று எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வேறு வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. போலி என்று நான் சொன்னால் நேராகப் போய் அசலைத் தேடுவார்கள். அதற்கு எங்கோ ஒரு புலி சாக வேண்டும். அசல் என்று சொன்னால் பெருமை தாங்காது, பக்கத்து வீட்டுக்காரனும் ஒன்று கேட்பான், அதற்கும் ஒரு புலி. எதைச் சொன்னாலும் புலிக்குத்தான் கேடு. அதற்குப் பிறகு யார் கொண்டுவந்தாலும் நான் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரிஜினலா இருந்தா வனவிலங்கு இலாகாவில ஒப்படைங்க, டூப்ளிகேட்டா இருந்தா கழட்டிப் போடுங்க, அவ்வளவுதான் லா என்பேன். என்னா அக்கா, புலி ஆபீஸ்ல இருந்துகிட்டு இது கூட தெரியாதா என்று கேலி செய்துவிட்டுப் போவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் அண்ணன் கிள்ளானில் இருக்கிறார். சொந்தமாக ஒரு லோரி, துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் இழுக்கிற வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. அண்ணி ஏறாத கோயில் இல்லை, அண்ணன் பத்துமலைக்குக் காவடி எடுத்தார். கடைசியில் ஒரு பெண் பிறந்தாள். இப்போது மூன்று வயசு. என்னைப் புலி அத்தை என்பாள். அவள் என் மடியில் வந்து உட்கார்ந்தால் எனக்கு முட்டி வலி தெரியாது.

போன வருஷம் பக்கத்து வீட்டு நாய் கேட்டைத் தாண்டி ஓடி வந்து அவள் மேல் பாய்ந்துவிட்டது. கடிக்கவில்லை. கீழே தள்ளிவிட்டு முகத்துக்கு நேரே நின்று குரைத்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து பிள்ளை பிள்ளையாக இல்லை. தூங்கினால் அலறி எழுந்துகொள்வாள். அம்மா இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவள் ஒரு சொல், இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். கிளினிக்கில் கேட்டதற்கு, சின்னப் பிள்ளை, போகப் போகச் சரியாகும் என்றார்கள். அண்ணனுக்குப் பொறுமை இல்லை. கோயிலில் சாமி பார்க்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார். நாய் பயத்துக்குப் புலிதான் மருந்து, நகம் கட்டு என்று அவர் சொல்லிவிட்டார்.

உலகத்தில் எத்தனையோ வீடு இருக்க, என் அண்ணன் வீட்டிலேயே இது வந்து விடிந்தது. அண்ணனே போனில் கூப்பிட்டார். உன் லெக்சரை ஆரம்பிக்காதே என்றுதான் ஆரம்பித்தார். கிளந்தான் காட்டுப் பக்கம் லோரி ஓட்டுகிற கூட்டாளி ஒருவன் இருக்கிறான், அவனிடம் அசல் நகம் கிடைக்குமாம், சொல்லி வைக்கப் போகிறேன் என்றார். நான் சத்தம் போட்டேன். சட்டத்தைச் சொன்னேன், ஜெயிலைச் சொன்னேன், நகத்தில் ஒன்றும் இல்லை அண்ணே, அது நம் கையில் வளருகிற நகம் மாதிரி ஒரு நகம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"உனக்குப் புள்ள இல்ல. உனக்குத் தெரியாது."

அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம். போனை வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை, களைப்பாக இருந்தது. ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் பேசித் திருத்தப் போகிறவளுக்குக் கூடப் பிறந்தவனைத் திருத்த முடியவில்லை. அதற்குமேல் அங்கே என்ன நடக்கிறதென்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணி அலுவலகத்துக்கே போன் செய்தாள். அவள் என் கைப்பேசிக்குத்தான் கூப்பிடுவாள், மேஜைப் போனுக்குக் கூப்பிட்டதிலேயே விஷயம் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள். கூட்டாளியிடம் போக வேண்டாம், எனக்குத் தெரிந்த நகைக்கடையில் நானே வாங்கி வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, லிட்டில் இந்தியாவில் வாங்கிப் பிள்ளை கழுத்தில் போட்டுவிட்டாளாம்.

"நான் வாங்கினது மாட்டுக் கொம்பும்மா. கேட்டுத்தான் வாங்கினேன், கொம்புதான் வேணும்னு. அவருகிட்ட ஒரிஜினல்னு சொல்லிட்டேன். ஆனா அவருக்கு நம்பிக்கை வரல. ஞாயித்துக்கிழமை நீ வரப்ப உன்கிட்ட காட்டிக் கேப்பாரு. நீ ஒரிஜினல்னு சொல்லிடு. இல்லன்னா அந்த ஆளுகிட்ட போய் உண்மையானதையே வாங்கிட்டு வந்துடுவாரு."

இத்தனை வருஷத்தில் என் பேச்சைக் காதில் வாங்கி, அதன்படி நடந்த ஒரே ஆள் என் அண்ணி. ஒரு தீபாவளிக்கு என் மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நாள் முழுக்க நான் பேசியதைக் கேட்டிருக்கிறாள். அப்போது முறுக்கைக் கடித்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கேட்டு நடந்த ஒருத்தியும் கடைசியில் என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாள்.

பொய் சொல்வது கூடப் பெரிதில்லை. அசல் என்று நான் சொன்னால், அதைக் கழற்றி வாங்கி இலாகாவில் ஒப்படைக்க வேண்டியவளும் நான்தான். ஊரில் எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன். அண்ணன் வீட்டில் மட்டும் அசல் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தால், என் அண்ணன் என்னை என்னவென்று நினைப்பார்? இவள் பேச்செல்லாம் மைக்குக்கு முன்னாடிதான் என்று நினைப்பார். போலி என்று சொன்னாலோ புலி போச்சு. ஞாயிறு வரைக்கும் இதையே நினைத்து நினைத்துப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் வழக்கம்போல வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது பசி. அண்ணி நண்டு சமைத்திருந்தாள். கேட்டைத் திறந்ததும் பாப்பா ஓடி வந்தாள். அம்மா இடுப்பிலிருந்து இல்லை, தானே தன் காலால் ஓடி வந்தாள். கழுத்தில் தங்கப் பூண் போட்ட கொம்பு ஆடியது. சங்கிலி போட்ட நாளிலிருந்து அலறுவது குறைந்திருக்கிறது என்று அண்ணன் வாசலிலேயே சொன்னார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

சாப்பிடுவதற்கு முன்பே அண்ணன் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பாரு என்றார். நான் பார்ப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் உன் ஸ்டாலில் வைத்துக்கொள் என்றார். குனிந்து கையில் எடுத்தேன். வழவழவென்று அரம் போட்டுத் தேய்த்த மாட்டுக் கொம்பு, பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அண்ணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். பாப்பா என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள்.

ஒரிஜினல்தான் என்றேன்.

நல்லாப் பார்த்தியா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அண்ணன் பாப்பாவை இறக்கிவிட்டுவிட்டு அறைக்குள் போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, டிஷ்யூ பேப்பரில் சுற்றியிருந்த ஒன்றை என் முன்னால் மேஜையில் வைத்துப் பிரித்தார்.

"அப்ப இது?"

அதற்குப் பூண் இல்லை, மெருகு இல்லை. கொக்கி போல வளைந்து, மங்கின மஞ்சளாக, ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்திருந்தது. அடிப்பக்கத்தில் ஒரு துண்டு எலும்பும் காய்ந்த தோலும் அப்படியே ஒட்டியிருந்தன. அந்தத் தோலில் இரண்டு மூன்று மயிர். லேசாக ஒரு வாடை. இலாகாவில் பிடிபட்டதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன், அவையெல்லாம் பழசு. இது பழசில்லை.

அண்ணி வாங்கி வந்தது ரொம்பப் பளபளவென்று இருக்கிறதே என்று அண்ணனுக்குச் சந்தேகம். அந்த வாரமே கூட்டாளியிடம் போய் இதை வாங்கிவிட்டார், அண்ணிக்குத் தெரியாமல். இரண்டில் எது அசல் என்று நான் சொல்கிறேனோ அதைப் பிள்ளை கழுத்தில் போடுவது என்று வைத்திருந்தார். நான் காப்பாற்றலாம் என்று நினைத்து வந்த புலி ஏற்கெனவே செத்துப்போய் டிஷ்யூ பேப்பரில் வந்து சேர்ந்திருந்தது.

இது டூப்ளிகேட் அண்ணே என்றேன். எப்படி அவ்வளவு சுருக்காக வாயில் வந்ததென்று எனக்கே தெரியாது. எப்படியாவது அது அந்த வீட்டை விட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. எருமைக் கொம்பை என் தலையில் கட்டிவிட்டானே என்று கூட்டாளியைத் திட்டித் தீர்த்தார். அதை எடுத்து என் கையில் வைத்து, கொண்டு போ, உன் ஸ்டாலில் போலி என்று எழுதி வை என்றார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையில் தானே ஒரு நண்டை எடுத்து வைத்தார். ஒரிஜினல் என்று சொன்னதும் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன், நம் பிள்ளைக்கு என்றால் நீயும் கண்ணை மூடிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். அன்பாகத்தான் சொன்னார். அண்ணி கண்ணாலேயே நன்றி சொன்னாள். நண்டை உடைக்காமல் இலை ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நகத்தை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கைப்பையில் போட்டு, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல் எல்லார் மேலும் கோபமாக வந்தது. அண்ணன் மேல், கூட்டாளி மேல், சாமி பார்க்கிறவர் மேல், ரயில் மேல். வருஷக்கணக்காகப் புலி புலி என்று பேசுகிறேன். ஒரு காட்டுப் புலியை நான் தொட்டது அன்றுதான். ஷா ஆலம் தாண்டும்போது பக்கத்தில் நின்ற பெண் உடம்பு சரியில்லையா ஆன்டி என்று கேட்டாள். முட்டி வலி என்றேன்.

மறுநாளே இலாகாவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். மேஜையில் யாரோ வைத்துவிட்டுப் போனார்கள் என்று சொன்னால் நகத்தை வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பார்கள், அதோடு சரி. விற்றவன் அடுத்த ஆளுக்கு விற்பான். விற்றவனைச் சொன்னால், வாங்கியவரையும் சொல்ல வேண்டும். வாங்கியவருக்கு ஜெயில். அவருக்கு மூன்று வயசுப் பெண். இந்த இரண்டுக்கும் நடுவில் நாலைந்து நாள் ஒன்றும் செய்யாமல், நகத்தை வீட்டுப் பீரோவில் வைத்துக்கொண்டு, காலையில் அலுவலகம் போய் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அண்ணி கூப்பிட்டாள். பாப்பா நன்றாகத் தூங்குகிறாளாம், பாட்டெல்லாம் பாடுகிறாளாம். துறைமுகத்தில் அண்ணன் எல்லாரிடமும், என் தங்கச்சி புலி ஆபீஸ், அவளே கையில் எடுத்துப் பார்த்துச் சொன்னாள் என்று சொல்லித் திரிகிறாராம். இரண்டு பேர் தங்கள் சங்கிலியை என்னிடம் காட்ட வேண்டும் என்று கேட்டார்களாம். அண்ணன் கூட்டாளியிடம் போய்ச் சண்டை போட்டாராம். அவன் சாமி மேல் சத்தியம் செய்து, போன மாதம் காட்டிலிருந்து நேராக வந்தது, வேண்டுமென்றால் இன்னொன்று தருகிறேன், அதையும் உன் தங்கச்சியிடம் காட்டு என்றானாம். அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள். பாவம், அந்த நகம் அசலேதான் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் நகத்தை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். அண்ணன் லோரியை விட்டுவிட்டுக் குளித்து, கைலியோடு உட்கார்ந்திருந்தார். பாப்பா டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மேஜையில் வைத்தேன்.

"அண்ணே, பாப்பா கழுத்தில இருக்கிறதுதான் கொம்பு. இதுதான் புலி."

அண்ணன் என்னைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். அடிப்பார் என்று கூட ஒரு நொடி நினைத்தேன். அப்ப பாப்பா இவ்வளவு நாளாகக் கொம்பைப் போட்டுக்கொண்டா தூங்குகிறாள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். சமையலறைப் பக்கம் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி கையில் இருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் பிள்ளைக்குத்தானே என்று மட்டும் சொன்னாள். அண்ணன் சிரித்தார். சிரிப்பு மாதிரி இல்லை.

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். இலாகாவுக்குப் போக வேண்டும், விற்றவன் யார் என்று சொல்ல வேண்டும் என்றேன். தானாகவே போய்ச் சொன்னால் இரக்கம் காட்டலாம், காட்டாமலும் போகலாம், உள்ளே போட்டாலும் போடுவார்கள், என்னால் எதற்கும் உத்தரவாதம் தர முடியாது என்றேன். ஒரு புலிக்குப் பதினெட்டு நகம் அண்ணே, இது ஒன்று, மிச்சம் அவனிடம்தான் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை கழுத்துக்குப் போகும் என்றேன். அதற்கு மேல் வழக்கமாக மேஜையில் சொல்கிறதைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கே அலுத்துப்போய்ப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அண்ணன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட் டின்ல வச்சிருந்தான். மூடியத் தொறந்து, வேணுங்கிறத எடுத்துக்கன்னான். பெருசும் இருந்துச்சு, சின்னதும் இருந்துச்சு."

"சின்னதுன்னா?"

"ரொம்பச் சின்னது. நம்ம சுண்டு விரல் நகம் மாதிரி." கையைத் தூக்கிக் காட்டினார். "பாப்பாவுக்குச் சின்னதே அளவா இருக்கும்னு அவன் சொன்னான். நான்தான் பெருசு வேணும்னு கேட்டேன்."

அது குட்டி, அண்ணே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அண்ணன் தூக்கிய கையை இறக்கவில்லை. பாப்பா டிவிக்கு முன்னால் எழுந்து நின்று, கொம்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அழுது நான் அதற்கு முன் பார்த்தது எங்கள் அப்பா செத்த அன்று மட்டும்தான்.

இலாகா ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டார்.

எட்டு மணிக்கு என்றேன். அண்ணி குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் அப்பா எங்கே என்று பாப்பா கேட்டால் என்ன சொல்வது என்று எங்கள் மூன்று பேரில் யாருக்கும் தெரியவில்லை.